ஜீவராணி இன் டியூட்டி

பிராம்ளி தோட்டத்துக்கு ஆண்டுக்கொரு சொல் வரும். உரம் வருவது தப்பினாலும் சொல் வருவது தப்பாது. கொழும்பிலிருந்து வெள்ளை வேனில், சுருட்டிய பதாகையும் சாப்பாட்டுப் பார்சல்களுமாக வந்து இறங்கும். முந்தாண்டு வந்த சொல் 'குடும்பம்'. நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று ஆபீஸ் சுவரில் எழுதிவிட்டு, தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும், கூரை ஒழுகிய பிள்ளைக் காம்பராவைப் பூட்டினார்கள். குடும்பம் என்றால் பிள்ளையை வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டுமாம். போன ஆண்டு 'சிறப்பு' வந்தது. அது வந்த மாதமே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக் குழாயில் தண்ணீர் நின்றது. ஆகவே இந்த ஆண்டு டிக்கோயா ரோட்டிலிருந்து வேன் வளைந்து ஏறி வருவதைக் கண்டதும், மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பெண்கள், இதனால் எது போகப்போகிறதோ என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

இந்த முறை சொல் சற்றுக் கனம். பதாகையை ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தமிழிலும் எழுதியிருந்தார்கள். மூன்றிலும் அது 'இன்டியூட்டிவ்'தான். அதைக் கொண்டுவந்த விஜிதரன், கம்பெனியின் மனிதவளப் பிரிவில் சொற்களுக்குப் பொறுப்பானவர். கழுத்தில் அட்டை, காலில் சேறு படாத சப்பாத்து. மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக்கொள்ள வரிசையாக வந்து நின்ற பெண்களைப் பார்த்து அவர் கை கூப்பினார்.

"அன்பான தாய்மார்களே, இன்டியூட்டிவ் என்றால் யோசிக்காமல் அறிவது. உலகச் சந்தையில் இயந்திரம் பறித்த தேயிலை இருக்கிறது. யோசித்துப் பறித்த தேயிலையும் இருக்கிறது. யோசிக்காமல் பறித்த தேயிலை நம்மிடம் மட்டுமே இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக நீங்கள் யோசிக்காமல் இருந்து வந்ததற்குக் கம்பெனி தலை வணங்குகிறது."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். "என்னாத்துக்குடி தட்டுறோம்" என்று பவுலின், பக்கத்தில் நின்ற ஜீவராணியை விலாவில் இடித்தாள். ஜீவராணி சிரிக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் வரிசைக்கு முன்னால் நின்ற செல்லசாமி கங்காணி மேல் இருந்தது. கொழுந்து எடுக்கும் பெண்களுக்குப் பின்னால் நின்று வேலையைப் பார்க்கிறவர் கங்காணி. செல்லசாமி அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். அந்த இடம் தனக்கு வரவேண்டும் என்று ஜீவராணி ஆசைப்பட்டாள். ஆசை என்று சொன்னால் போதாது. கூடைக் கயிறு தலையில் அழுத்தி அழுத்தி அவளுக்குப் பிடரி எலும்பு தேய்ந்திருந்தது. வலது கை அடிக்கடி மரத்துப்போகும். இனியும் கூடை சுமந்தால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கங்காணிக்குக் கூடை கிடையாது. கூடையில்லாமல் அந்தத் தோட்டத்தில் பிழைக்க அவளுக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான்.

வழியைத் திறந்துவிடுவதாக யோகேஸ்வரன் வாக்குக் கொடுத்திருந்தார். அவர் சங்கத்தின் தோட்டத் தலைவர், அவளுடைய பெரியப்பா மகன். பெரிய வேலைநிறுத்தத்தின்போது பொலிஸ்காரர்கள் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன அன்று, பெண்களைக் கூட்டிக்கொண்டு போய் மழையில் நடுரோட்டில் உட்கார்ந்தவள் ஜீவராணி. அண்ணனை விட்டால்தான் எழும்புவோம் என்றாள், விட்ட பிறகுதான் எழும்பினாள். வெளியே வந்த யோகேஸ்வரன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "இதுக்கு நான் என்னா செய்யப்போறேன் தங்கச்சி" என்று கேட்டார். என்ன செய்யலாம் என்று இப்போது அவள் சொல்லியிருந்தாள்.

"பொம்பள கங்காணி வேணும்னு கம்பெனிகாரங்களே சொல்றாங்க" என்றார் அவர். "ஒன்னைய விட்டா இந்தத் தோட்டத்துல யாரு இருக்கா? மொதல்ல இந்தப் படம் புடிக்கிற வேலைக்கு ஒத்துழைச்சிக் குடு. நல்ல பேரு வரும்."

படம் பிடிக்க ஜீவராணியைத்தான் தெரிவு செய்திருந்தார்கள். தேயிலைப் பெட்டியில் முகம், கைப்பேசியில் விளம்பரம், எல்லாவற்றுக்கும் அவள்தான். எந்தக் கொழுந்தை எடுப்பதென்று உங்களுக்கு எப்படித் தெரியும் என்று விஜிதரன் கேட்டார். ஜீவராணி தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"வட்டவளப் பக்கமிருந்து கல்யாணங்கட்டி வந்த புதுசுல எனக்கு ஒண்ணும் வராதுங்க. முத்துன எலையெல்லாம் புடுங்கிப் போடுவேன். கங்காணி வைவாரு, துரை கூடைய கவுத்துக் கொட்டுவாரு. அழுதுகிட்டே பொறுக்குவேன். பொறவு ஒவ்வொண்ணா பாத்துப் பாத்து..."

"கட்" என்றார் விஜிதரன். "ரொம்ப நீளம். தவிர, இதில் கற்றுக்கொண்ட வாடை அடிக்கிறது. 'எனக்குத் தானாகவே தெரியும்' என்று சொல்லுங்கள், போதும்."

ஜீவராணி, பக்கத்தில் நின்ற யோகேஸ்வரனைப் பார்த்தாள். தலைவர் தலையாட்டினார். "சொல்லிப்புடு தங்கச்சி. எல்லாம் அதுக்குத்தானே."

சொன்னாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நன்றாகவே சொன்னாள். அவளுக்கே கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது, அதை மறைப்பானேன். பிறகு சிவப்புப் பட்டுத் துணியால் அவள் கண்ணைக் கட்டி, உள்ளுணர்வால் பறிக்கச் சொன்னார்கள். முதலில் ஒரு கைப்பிடி காட்டுக்கொடி வந்தது. அடுத்து மைக்கின் வயர் வந்தது. அதற்கடுத்து விஜிதரனின் கழுத்து அட்டையைக் காம்போடு கிள்ளி எறிந்தாள். கடைசியில் விளம்பரத்தில் வந்த கை, கண்ணைக் கட்டுவதற்கு முன்னால் படம் பிடித்த கை. பட்டுத் துணியை அவளுக்கே அன்பளிப்பாகக் கொடுத்துவிட்டார்கள்.

அவள் முகம் போட்ட பெரிய படம் ஆபீஸ் வாசலில் ஏறியது. கீழே 'இன்டியூட்டிவ் ஜீவராணி' என்று இருந்தது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் நர்சுமார் டியூட்டி டியூட்டி என்று பேசிக்கொள்வதைக் கேட்டுப் பழகிய லயத்து ஜனங்களுக்கு அதில் ஒரு சந்தேகமும் வரவில்லை. டியூட்டி என்றால் உத்தியோகம். இன் என்றால் உள்ளே. ஜீவராணி உத்தியோகத்துக்குள்ளே போய்விட்டாள். கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த 'வ்' அச்சுப் பிழையாக இருக்கும். அவள் புருஷன் வீரய்யா, ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிறவன், எளிதில் எதையும் நம்பாதவன், அவனே சவ்வரிசி வாங்கி வந்து பாயசம் காய்ச்சச் சொன்னான். யோகேஸ்வரன் வந்து இரண்டு தம்ளர் குடித்தார்.

"இன் டியூட்டின்னா வேல நிச்சயம்னு அர்த்தம்தானுங்களே?" என்று வீரய்யா கேட்டான்.

"அப்புடித்தான், அப்புடித்தான்" என்று தலைவர் வாயைத் துடைத்துக்கொண்டார்.

இதற்கிடையில் சொல் தோட்டமெங்கும் பரவியது. பெரட்டில் தினமும் எல்லோரும் கண்ணை மூடி உள்ளுணர்வை வரவழைக்க வேண்டும் என்றார்கள். பெண்கள் நின்றபடியே தூங்கினார்கள். அந்த நேரத்தை மாலையில் ஈடு செய்ய வேண்டியிருந்தது. குழாயில் தண்ணீர் எப்போது வரும் என்று எழுதிப்போடும் பலகையைக் கழற்றிவிட்டார்கள், ஜனங்கள் உணர்ந்துகொள்ளட்டும் என்று. தோட்டத்து மருந்துச்சாலையில், உனக்கு என்ன வருத்தம் என்று உனக்கே தெரிந்திருக்குமே என்று நோயாளியைத் திருப்பி அனுப்பினார்கள். கொழுந்து நிறுக்கும் தராசுக்கு மட்டும் உள்ளுணர்வு வழங்கப்படவில்லை. அது பழையபடியே ஈரத்துக்கென்று கழித்துக்கொண்டுதான் நிறுத்தது.

கங்காணி வேலைக்கு நேர்முகம் வைத்தார்கள். ஜீவராணி கல்யாணத்துக்கு எடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு போனாள். மேசைக்கு அந்தப் பக்கம் தோட்டத்து மனேஜரான பெரிய துரை, விஜிதரன், தொழிலாளர் தரப்புச் சாட்சியாக யோகேஸ்வரன். அண்ணனைப் பார்த்ததும் அவளுக்குப் பயம் போய்விட்டது.

"ஒரு மலையில் இன்று கொழுந்து எடுக்கலாமா, இன்னும் விடலாமா என்று எப்படித் தீர்மானிப்பீர்கள்?" என்று விஜிதரன் கேட்டார்.

"அது வந்துங்க, முன்ன எடுத்து எத்தன நாளாச்சின்னு பாக்கணும். மழ பேஞ்சிச்சா, பனி கருக்கிச்சான்னு பாக்கணும். அப்பறம்..."

விஜிதரன் கையை உயர்த்தினார். மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அதற்குள் இருந்த ஜீவராணி நெஞ்சில் கை வைத்து, 'எனக்குத் தானாகவே தெரியும்' என்றாள்.

"இது யார்?"

"நான்தாங்க. ஆனா அது நீங்க சொல்லச் சொன்னதுங்களே."

"உங்கள் நெஞ்சில் இருந்ததை நாங்கள் வெளியே எடுத்தோம், அவ்வளவுதான்" என்றார் விஜிதரன் கனிவாக. "ஜீவராணி, மேற்பார்வை என்பது அறிவு சார்ந்த பதவி. ஏன் என்று தெரிந்தவர் அதற்கு வேண்டும். உங்களுக்கு ஏன் என்று தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் உங்கள் பெருமை. உங்களுக்கு யோசிக்கத் தெரியும் என்று வெளியே போனால், பெட்டியை எல்லாம் நாங்கள் மறுபடி அச்சடிக்க வேண்டி வரும்."

துரையும் தனக்குத் தெரிந்த தமிழில் ஆறுதல் சொன்னார். "நீ தோட்டத்துக்கு சொத்து. சொத்தைப் போய் யாராவது கங்காணி ஆக்குவாங்களா?"

ஜீவராணி அண்ணன் பக்கம் திரும்பினாள். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

யோகேஸ்வரன் கைப்பேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். கிடைக்கவில்லை போலும். "அவங்க சொல்றதுலயும் ஒரு நாயம் இருக்கு தங்கச்சி" என்றார், தலை தூக்காமல்.

புதிய கங்காணியின் பெயரை அடுத்த பெரட்டில் வாசித்தார்கள். மதுரன், யோகேஸ்வரனின் மகன். ஹட்டனில் டியூஷனுக்கும் கணினி வகுப்புக்கும் போய் வந்த பையன். தேயிலைச் செடியை அவன் பார்த்ததெல்லாம் பஸ் கண்ணாடி வழியாகத்தான். துரை ஏமாற்றியிருந்தால் ஜீவராணிக்கு இத்தனை வலித்திருக்காது. துரைமார் ஏமாற்றுவதற்குத்தானே பங்களாவில் இருக்கிறார்கள். விஜிதரன் யாரோ, வேனில் வந்தவர், வேனில் போய்விடுவார். ஆனால் இவர் அவள் வீட்டுப் பாயசத்தைக் குடித்தவர். இவருக்காக அவள் மழையில் ரோட்டில் உட்கார்ந்தவள். பாயசத்தை ஊற்றிக்கொடுத்த கையாலேயே தன் கழுத்தை அறுத்துக்கொடுத்ததாக அவளுக்கு இருந்தது.

ஆனாலும் அந்த ஆண்டின் சொல்லுக்குக் கம்பெனி எடுத்த விழாவுக்கு அவள் போக வேண்டியிருந்தது. மேடையில் நடு நாற்காலி அவளுக்கு. கழுத்தில் செவ்வந்தி மாலை. பிடரி வலியில் மாலையே கனத்தது. கீழே புல்லில் தோட்டமே உட்கார்ந்திருந்தது. விஜிதரன் தாளைப் பிரித்தார்.

"இன்டியூட்டிவ் என்ற இந்தப் பொன்னான சொல் எங்கிருந்து வந்தது? ஆங்கிலத்திலிருந்தா? இல்லை. அதற்கும் மூத்த லத்தீனிலிருந்து. 'இன்டுயேரி' என்பது அதன் மூலம். அதன் பொருள், பார்த்தல். வெறுமனே பார்ப்பதல்ல, உற்றுப் பார்ப்பது, பார்த்துக் காப்பது. டியூஷன் என்று சொல்கிறோமே, அதுவும் இதே வேரில் வந்தது. நம் செந்தமிழில் இதை எப்படிச் சொல்லலாம் என்று நான் இரவெல்லாம் சிந்தித்தேன். கண்காணித்தல். ஆக, இன்டியூஷன் உள்ள நம் ஜீவராணி யார்? கண்காணிக்கிறவர். இன்னும் சுருக்கினால், கண்காணி."

கைதட்டலுக்காக நிறுத்தினார். அது வரவில்லை. கூட்டம் அந்தச் சொல்லை வாய்க்குள் ஒருமுறை உருட்டிப் பார்த்தது. பிறகு பவுலினின் குரல் கேட்டது.

"அட, லத்தீன்லயும் கங்காணிதானா? லத்தீன் பொய் சொல்லாதும்மா. அது எங்க மாதா கோயில் பாஷ."

புல்லில் சிரிப்புக் கிளம்பி மேடைக்கு வந்தது. ஜீவராணி எழுந்தாள். மைக்கை யாரும் தரவில்லை. அவளே போய்ப் பிடித்தாள்.

"சேர், இப்ப நீங்க சொன்னீங்களே, அந்த வேலையத்தான் நான் கேட்டேன். அந்தச் சொல்லு எனக்குன்னுதானே மால போட்டிருக்கீங்க. அப்ப வேலையையும் குடுத்துருங்க."

விஜிதரன் தாளைப் புரட்டினார். இந்தக் கேள்விக்கான பக்கத்தை அவர் எழுதிக்கொண்டு வரவில்லை. "வேர்ச்சொல் வேறு, வேலை வேறு" என்றார். "கம்பெனி சொல்லை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. வேருக்குக் கம்பெனி பொறுப்பல்ல."

நிலைமையைச் சமாளிக்க யோகேஸ்வரன் ஓடி வந்து மைக்கை வாங்கிக்கொண்டார். வாங்கின வேகத்தில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது. "தோழர்களே, நம்ம புள்ளைங்க கூடைய எறக்கி வச்சிட்டு மேல வரணும்னுதான் சங்கம் இத்தன காலம் பாடுபட்டுச்சி. என் புள்ள வந்துட்டான். ஒருத்தன் வந்தா சமுதாயமே வந்த மாதிரி. எல்லாரும் ஒரே நாள்ல மேல வந்துட்டா கொழுந்து எடுக்கறது யாரு? யோசிச்சிப் பாருங்க."

"நாங்கதான் யோசிக்கவே கூடாதாமே" என்றாள் பவுலின். கொஞ்சம் பொறுத்து, பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, டியூஷன் போனவனுக்கு வேல, இன்டியூஷன் இருக்கவளுக்கு மால" என்றாள்.

கம்பெனி தவறைத் திருத்திக்கொள்ளாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. கொழும்பில் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கங்காணி என்ற சொல் அடிமைக் காலத்து எச்சம் என்று கண்டுபிடித்து, அதை ஒழித்தார்கள். அந்தப் பதவி இனி 'இன்டியூட்டிவ் ஆபிசர்' என்று வழங்கப்படும். லத்தீன் வேரோடு பொருந்துவதாகவும் குறிப்பிட்டிருந்தார்கள். மதுரனின் கழுத்தில் அட்டை தொங்கியது. ஒரு சொல்லை ஒரே தோட்டத்தில் இரண்டு பேர் வைத்துக்கொள்வது முறையல்ல என்பதால், ஆபீஸ் வாசல் படத்தில் ஜீவராணியின் பெயருக்கு முன்னால் இருந்ததை வெள்ளைத் தாள் ஒட்டி மறைத்தார்கள். ஒட்டினவன் அவசரத்தில் இடையில் கொஞ்சம் விட்டுவிட்டான். மழையில் நனைந்த படத்தில் 'டியூட்டி ஜீவராணி' என்று மட்டும் தெரிந்தது.

அன்று பொழுது சாய யோகேஸ்வரன் லயத்துக்கு வந்தார். வீரய்யா அவரைக் கண்டதும் எழுந்து பின்பக்கம் போய்விட்டான். அவருக்குத் தேத்தண்ணி கொடுக்க ஜீவராணி எழும்பவில்லை.

"கோவம் இருக்கும் தங்கச்சி. எனக்குத் தெரியுது" என்றார். "பையனுக்கு ஒண்ணும் பிடிபடல. நீ கூட நின்னு கொஞ்சம் சொல்லிக் குடு."

"சொல்லிக் குடுக்க வராதாமே அண்ணே. தானாத்தான் தெரியணும்னு கம்பெனியே சொல்லிருச்சி."

"நமக்குள்ள என்னா தங்கச்சி?"

"நமக்குள்ளன்னுதான் நானும் நெனச்சிருந்தேன்" என்றாள். அதற்கு மேல் பேசினால் குரல் உடைந்துவிடும் என்று தெரிந்தது. இவர் முன்னால் உடையக்கூடாது என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "போயிட்டு வாங்க."

மறுநாள் மதுரன் பெண்களை ஏழாம் நம்பர் மலைக்குக் கூட்டிக்கொண்டு போனான். அங்கே கொழுந்து இன்னும் விரியவே இல்லை. கிள்ளினால் செடிக்குத்தான் கேடு. எல்லோரும் ஜீவராணியைப் பார்த்தார்கள். மதுரனும் பார்த்தான். கிட்டே வந்து, "அத்த, இது சரிதானே? எனக்கு ஒண்ணும் தெரியாது அத்த" என்று மெதுவாகக் கேட்டான். அவன் பாவம் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"நீங்கதான் ஆபிசர். நான் வெறும் டியூட்டிங்க" என்றாள்.

மரத்த கையால் கயிற்றைத் தலையில் சரி செய்தாள். மடியிலிருந்த சிவப்புப் பட்டுத் துணியை எடுத்துக் கண்ணைக் கட்டிக்கொண்டாள். பறிக்கத் தொடங்கினாள். காம்பு, முற்றல், புல், கொடி, கைக்கு வந்தது எல்லாம் கூடைக்குப் போனது. பவுலின் தலைத்துணியை அவிழ்த்துத் தன் கண்ணைக் கட்டினாள். அவளைப் பார்த்து மற்றவளும் கட்டினாள். கொஞ்ச நேரத்தில் மலை முழுக்கக் கண் கட்டிய பெண்கள் நின்றார்கள். மதுரன் பயந்துபோய்க் கைப்பேசியை எடுத்து அப்பாவைக் கூப்பிட்டான்.

யோகேஸ்வரன் மூச்சு வாங்க ஏறி வந்து பார்த்தார். ஒரு காலத்தில் வேலைநிறுத்தம் செய்வித்தவர் அல்லவா, என்ன நடக்கிறதென்று பார்த்த மாத்திரத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. தன் கைப்பேசியை எடுத்து மலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை படம் பிடித்து, கொழும்புக்கு அனுப்பினார். உடனேயே மணி அடித்தது.

"அற்புதம் தலைவர்" என்று விஜிதரனின் குரல் மலைக்கே கேட்டது. "இத்தனை பேர், கண்ணைக் கட்டிக்கொண்டு! அடுத்த வருடப் பெட்டிக்கு இதுதான் படம். இதை யார் செய்தது?"

"எல்லாம் நம்ம ஏற்பாடுதான் சேர்" என்றார் யோகேஸ்வரன்.

ஜீவராணி அதைக் கேட்டாள். அவள் கை ஒரு கணம் செடியிலேயே நின்றது. பிறகு கிள்ளியது, கூடைக்குள் போட்டது. முகத்தில் கட்டியிருந்த பட்டு கன்னம் வரை நனைந்து கறுத்துக்கொண்டு வந்தது. மழை இல்லை. அதைப் பார்க்க அந்த மலையில் கங்காணி என்று யாரும் இல்லை.